செல்போனுக்கும் ஓர் ஒட்டடைக் குச்சி!

போகி வந்தால் பரணிலிருந்து பழையதை எல்லாம் இறக்கித் தட்டுகிறோம். மாதம் ஒரு முறை மளிகை டப்பாக்களைக் கவிழ்த்து வெயிலில் காய வைக்கிறோம். ஆனால், நாள் முழுக்க நம் கையிலும் தலைமாட்டிலும் கிடக்கிற செல்போனை என்றைக்காவது ஒழித்து வைத்திருக்கிறோமா? "அதுக்குள்ள என்ன ஒட்டடையா தொங்குது?" என்று கேட்பீர்கள். தொங்கத்தான் செய்கிறது, சகோதரிகளே!

செல்போன் என்பது பேசுகிற கருவி மட்டுமல்ல. கைக்குள் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர். பெங்களூரில் நம் நாட்டு நிபுணர்கள் உருவாக்கிய 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் 2004-இல் விற்பனைக்கு வந்தது. அது வீடுகளுக்குள் பரவவில்லை. அது செய்ய நினைத்த வேலைகளை எல்லாம் இன்று நம் செல்போன் செய்கிறது. கரண்டு பில், கேஸ் பதிவு, பிள்ளையின் பரீட்சை முடிவு என்று எதற்கெடுத்தாலும் அதில்தான் தேடுகிறோம். அப்படித் தேடுவதற்கு உதவுகிற குரோம் போன்ற பிரவுசருக்குள்தான் நான் சொல்லும் ஒட்டடை சேர்கிறது. அதற்குப் பெயர் 'கேஷ்'.

கேஷ் என்றால் காசா?

அலங்காநல்லூரில் எங்கள் தெருவில் இந்தப் பேச்சு வந்தபோது, அடுத்த வீட்டு அயித்தை பதறியே போனார்கள். "ஏத்தா, கேஷை அழின்னு வருதே... அழிச்சா பேங்குல கெடக்குற காசு போயிராதா?" என்றார்கள்.

நியாயமான பயம்தான்! இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்று. எழுத்தும் அர்த்தமும் வேறு. இந்தக் கேஷ், 'ஒளித்து வை' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் பணத்தின் கணக்கு வங்கியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பிரவுசரின் கேஷை எத்தனை முறை துடைத்தாலும் அதில் ஒரு பைசா குறையாது. போனில் எடுத்த குழந்தையின் போட்டோக்களும் அழியாது.

பிரவுசரின் அஞ்சறைப்பெட்டி

கடுகு தாளிக்கும் போதெல்லாம் நாம் கடைக்கு ஓடுகிறோமா? வாங்கி அஞ்சறைப்பெட்டியில் வைத்துக்கொள்கிறோம். பிரவுசரும் அதையேதான் செய்கிறது. ஓர் இணையதளத்தை முதல் முறை திறக்கும்போது அதிலுள்ள படங்கள், முத்திரைகள், எழுத்து வடிவங்கள் எல்லாம் சிக்னல் வழியாக வந்து சேர்கின்றன. அவற்றின் நகலைப் பிரவுசர் ஒரு மூலையில் எடுத்து வைக்கிறது. மறுமுறை அதே இடத்துக்குப் போனால், வைத்ததை எடுத்துக் காட்டுகிறது. பக்கம் சட்டென்று திறக்கிறது, நெட்டும் மிச்சமாகிறது. ஆகவே கேஷ் நமக்கு எதிரி அல்ல. நல்ல வேலைக்காரி!

ரொட்டிப் பாக்கெட்டில் 'இந்தத் தேதிக்குள் உபயோகிக்கவும்' என்று அச்சிடுவது போல, இணையதளம் நடத்துபவர்களும் 'இந்த நகலை இத்தனை நேரம் வைத்துக்கொள்' என்று பிரவுசருக்குச் சொல்லி அனுப்புவதுண்டு. அந்த நேரம் முடிவதற்குள் அங்கே விஷயம் மாறிவிட்டால், நமக்குப் பழைய பக்கமே வந்து நிற்கலாம். அரைகுறைப் படம், நகராத பொத்தான், நேற்றைய தகவல் எல்லாம் இப்படி வரக்கூடியவைதான்.

இதனால் என்ன நஷ்டம் என்று நினைக்காதீர்கள். தை மூன்றாம் நாள் எங்கள் ஊர் வாடிவாசலில் ஜல்லிக்கட்டு. 2022-இலிருந்து காளைக்கும் வீரருக்கும் முன்பதிவு மதுரை மாவட்ட இணையதளம் வழியாகத்தான். பதிவு ஓரிரு நாளில் முடிந்துவிடும். வருஷம் முழுக்கப் பிள்ளையைப் போலக் காளை வளர்க்கிற வீட்டில், முந்தின நாள் பார்த்த பக்கமே போனில் நின்றுகொண்டு, "இன்னும் ஆரம்பிக்கலை போல" என்று இருந்துவிட்டால் என்ன ஆகும்? கரண்டு பில் கட்டிய பிறகு பின்னோக்கிப் போகும் பொத்தானை அழுத்தினாலும் பழைய தொகை தெரியலாம். அதை நம்பி இரண்டாம் முறை கட்டிவிடாதீர்கள். முதலில் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் பாருங்கள்.

முதல் வைத்தியம் எளியது

தலைவலி என்றதும் பெரிய டாக்டரிடம் ஓட மாட்டோம். சுக்குப் பற்றுதான் போடுவோம். அதுபோல, பக்கத்தின் உச்சிக்குப் போய் விரலால் கீழ்நோக்கி இழுத்து விடுங்கள். ஒரு வட்டம் சுழன்று பக்கம் புதிதாக வரும். பல சமயம் இதுவே போதும். அப்படியும் பழசே வந்தால்தான் கேஷைத் துடைக்க வேண்டும்.

துடைக்கும் முறை

ஆண்ட்ராய்டு போனில் குரோம் பிரவுசருக்கு:

1. குரோமைத் திறந்து, ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொடவும்.

2. 'செட்டிங்ஸ்', அதில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'டெலீட் பிரவுசிங் டேட்டா' (சில போன்களில் 'கிளியர்' என்றிருக்கும்).

3. எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கும் இடத்தில் 'ஆல் டைம்'.

4. இப்போதுதான் நிதானம் தேவை. அங்கே பல கட்டங்கள் இருக்கும். 'கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' என்ற கட்டத்தில் மட்டும் டிக் இருக்கட்டும். மற்றவற்றில் ஏற்கெனவே டிக் இருந்தால் எடுத்து விடவும்.

5. பிறகு 'டெலீட்'.

மற்ற கட்டங்களை ஏன் எடுக்கச் சொல்கிறேன் தெரியுமா? 'ஹிஸ்டரி' என்பது நாம் போய் வந்த பக்கங்களின் பட்டியல். 'குக்கீஸ்' என்பது நம்மை அடையாளம் கண்டுகொள்ள இணையதளம் கொடுத்து வைக்கிற டோக்கன். அது போனால் உள்ளே நுழைந்த இடங்களிலிருந்தெல்லாம் வெளியே வந்துவிடுவோம். 'பாஸ்வேர்டு' என்பது வீட்டுச் சாவிக்கொத்து. ஒட்டடை அடிக்கப் போய்ச் சாவிக்கொத்தையும் குப்பையில் போடலாமா?

ஐபோனில் சஃபாரி உபயோகிப்பவர்கள் கவனிக்க: அங்கே 'கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா' என்பதைத் தொட்டால் கேஷும் குக்கீஸும் சேர்ந்தே போகும். பாஸ்வேர்டுகளைக் குறித்து வைத்துக்கொண்டு செய்வது உத்தமம்.

செய்யக்கூடாதவை

★ போனின் செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' என்று இரண்டு பொத்தான்கள் பக்கத்திலேயே இருக்கும். இரண்டாவதை ('கிளியர் ஸ்டோரேஜ்' என்றும் இருக்கலாம்) தொடாதீர்கள். வாட்ஸப்பில் அதைத் தொட்டால், பேக்கப் எடுத்து வைக்காத பேச்சுக்கள் அத்தனையும் போய்விடும்.

★ விண்ணப்பம் நிரப்பும்போது நடுவில் துடைக்காதீர்கள். கர்ப்பிணிகள் பதிவு செய்யும் 'பிக்மி' தளத்தில் பெயர், ஆதார், தேதி எல்லாம் நிரப்ப வேண்டியிருக்கிறது. குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் தேவைப்படுகிற 12 இலக்க எண் இந்தப் பதிவில்தான் கிடைக்கிறது. பாதியில் குக்கீஸும் சேர்ந்து அழிந்தால் மறுபடி ஆதியிலிருந்து ஆரம்பிக்க நேரும். முழுவதும் முடித்து, எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

★ தினமும் துடைப்பது வீண். எடுத்து வைத்ததை எல்லாம் பிரவுசர் மறுபடி இறக்க வேண்டும், நெட்தான் செலவு. பக்கம் கோளாறு செய்யும்போது துடைத்தால் போதும்.

★ 'உங்கள் போனில் குப்பை! உடனே சுத்தம் செய்ய இதைத் தொடவும்' என்று குதித்து வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள்.

'இடமில்லை' என்று போன் புலம்பினால், பெரும்பாலும் கேஷ் மட்டும் காரணமாக இருக்காது. செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' என்ற இடத்தைப் பாருங்கள். வாட்ஸப்பில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் அங்கே மூட்டை கட்டிக் கிடக்கும்!

கடையில் கொடுக்கலாமா?

நான் இதை எழுதக் காரணமே இதுதான். போன் மெதுவாகிறது என்றதும் நம்மில் பலர் பூட்டைத் திறந்து, பாஸ்வேர்டையும் சொல்லி, கடையில் நீட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறோம். "சாயந்தரம் வந்து வாங்கிக்கிறேன் தம்பி!" அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது? குழந்தையைக் குளிப்பாட்டும் படம், ஆதார் நகல், வங்கியிலிருந்து வருகிற ரகசிய எண், அக்காளிடம் மனம் விட்டுப் பேசிய பேச்சு. பீரோவைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவோமா? இரண்டு நிமிஷ வேலைக்கு அந்த அவசியமே இல்லை. கண்ணாடி உடைந்தால் கடைக்குப் போகலாம். அப்போதும் பக்கத்தில் இருந்து பார்த்து வாங்குங்கள்.

அதேபோல், பிறர் போனிலோ பிரவுசிங் சென்டரிலோ வங்கி வேலை, ஆஸ்பத்திரி வேலை பார்க்க நேர்ந்தால், மூன்று புள்ளிகளில் 'இன்காக்னிட்டோ' பக்கத்தைத் திறந்து செய்யுங்கள். அதை மூடினால் ஹிஸ்டரியும் குக்கீஸும் அந்தக் கருவியில் தங்காது. இறக்கிய ஃபைல் மட்டும் தங்கும்; அதை மறக்காமல் அழித்துவிட வேண்டும்.

நம் அஞ்சறைப்பெட்டியில் எது எந்தக் கிண்ணத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். செல்போனும் அப்படி ஒரு பெட்டிதான். இன்று மத்தியானம் பிள்ளை தூங்கும் நேரத்தில் இந்தக் கட்டங்களை ஒரு முறை திறந்து, எதையும் அழிக்காமல், வெறுமனே பார்த்து வையுங்கள். தேவைப்படும் நாளில் கை தடுமாறாது.