தோல் தைப்பவரின் பயணப் பை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899ஆம் ஆண்டில் மலை இரயில் ஓடத் தொடங்கியது. 1908ஆம் ஆண்டில் உதகமண்டலத்தை எட்டியது. ஆயினும், நீலகிரியின் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றிற்குச் சரிவுப் பாதையில் நடந்தே செல்லவேண்டும். பட்டறையில் அமர்ந்து தோல் தைப்பவருக்குக் கருவிகளின் எடை ஒரு பொருட்டன்று. செருப்பும் பையும் சேணமும் செப்பனிட மேடேறிச் செல்பவருக்கோ, நூறு கிராம் கூடினாலும் தோள் வலிக்கும். அவர் எதை எடுத்துச் செல்வார்? எதை விட்டுச் செல்வார்?

இம்மலைக்குத் தோல் தொழில் புதிதன்று. ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் இரும்பு, மரம், மண், தோல் ஆகிய நான்கிலும் கைதேர்ந்த வினைஞராய் விளங்கினர். படகருக்கும் தோடருக்கும் வேண்டிய கருவிகளைச் செய்து கொடுத்து, தானியமும் நெய்யும் மாற்றாகப் பெற்றனர். அப்பண்டமாற்று இன்று மறைந்துவிட்டது.

முதலில் சேணத்தை எடுத்துக்கொள்வோம். உதகை ஏரிக்கரையில் சிறுவர் குதிரையேறி மகிழ்வதைப் பலர் பார்த்திருப்பர். குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கி நிற்பது ஒரு வார். அவ்வாரின் தையல் விட்டால் சேணம் சரியும், மேலிருப்பவர் விழுவார். ஆகவே, அத்தையல் எளிதில் பிரியாததாய் இருத்தல் வேண்டும். தையற்பொறி போடும் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பற்றி நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால் அடுத்த தையல்களும் தளரும். கைத்தையலோ வேறு வகையானது. ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் அவற்றைச் செலுத்துவர். ஒருபக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு வேண்டுவன குத்தூசி ஒன்று, முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு, நூல், தேன்மெழுகு ஆகியவையே. துளையிடும் வேலையைக் குத்தூசி செய்துவிடுவதால் ஊசிக்குக் கூர்மை தேவையில்லை. கூரிய ஊசி முன்னே போன நூலைக் கிழித்துவிடும். தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூலை அளந்து, மெழுகு தேய்த்துக்கொள்ளவேண்டும். மெழுகிட்ட நூல் ஈரத்தை எளிதில் ஏற்காது. துளையில் இறுகியும் நிற்கும். குத்தூசிக்கு மாற்றுக் கருவி கிடையாது. அதை மறந்து மலையேறியவருக்கு அன்றைய கூலி இல்லை எனலாம்.

மற்றக் கருவிகளுள் ஒன்றே பல வேலை செய்வதைத் தேர்ந்தெடுத்தல் நலம். நீங்கள் கணித வகுப்பில் கையாளும் கவராயத்தைப் போன்றது ஒன்று போதும். அது தோலின் ஓரத்திற்கு இணையாகக் கோடு கீறும். தையலுக்குத் தையல் உள்ள இடைவெளியையும் குறிக்கும். சிறு சுத்தியல் ஆணி அடிக்கும். தைத்த இடத்தைத் தட்டிப் படியவைக்கும். வெட்டுப்பலகையைப் பையின் முதுகுப்புறத்தில் செருகிவிட்டால் பை வளையாமல் நிற்கும். கத்தி ஒன்று, சிறு சாணைக்கல் ஒன்று, ஆணி பிடுங்கக் குறடு ஒன்று. செருப்பை மாட்டி ஆணியடிக்கும் கனத்த இரும்புக்கட்டையை அடிவாரத்திலேயே விட்டுவிடலாம். தேயிலைத் தோட்டத்தில் தட்டைக் கல்லுக்கா பஞ்சம்?

இனி மழையைப் பற்றிச் சொல்லவேண்டும். நீலகிரி, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறும் மலை. மழையில்லாத நாளிலும் மூடுபனி வந்து படியும். ஈரத்தில் இரும்பு துருப்பிடிப்பதை நாம் அறிவோம். தோல் வேலையில் இன்னொரு கேடும் உண்டு. மரப்பட்டையால் பதனிட்ட தோலில் துவர்ப்புப்பொருள் நிறைந்திருக்கும். நனைந்த அத்தோலின்மேல் இரும்பு பட்டால் கருங்கறை படியும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை செய்ததும் இவ்விளைவைக் கொண்டே. தேயிலையிலும் இத்தகைய துவர்ப்பு உண்டு. துருவேறிய ஆணியைக் கடுந்தேநீரில் இட்டு வைத்தால் நீர் கறுப்பதைக் காணலாம். ஆதலின், கத்தியையும் குத்தூசியையும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வைப்பர். தோலைத் தொடுமுன் அவ்வெண்ணெயைத் துடைத்துவிடுவர். நனைந்த பையை அடுப்பருகே உலர்த்துதல் ஆகாது. தோல் விறைத்து வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் தொங்கவிட வேண்டும்.

பையினுள் கருவிகளைக் கொட்டி வைத்தால் குத்தூசி கையைப் பதம் பார்க்கும். அதன் முனைக்கு ஒரு தக்கை வேண்டும். கத்திக்கு உறை வேண்டும். நீண்ட தடித்த துணியில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் அளவில் ஓர் அறை தைத்து, சுருட்டிக் கட்டிக்கொள்வது இன்னும் சிறந்தது. வேலை முடிந்து புறப்படுமுன் அச்சுருளை ஒருமுறை விரித்தால் போதும். எந்தக் கருவி விடுபட்டது என்பதை வெற்றறையே காட்டிவிடும். தேயிலைச் செடிகளின் அடியில் விழுந்த ஊசியை மறுநாள் வந்து தேடிக் கண்டுபிடித்தல் அரிது.