கேட்டுட்டு எடும்மா!



நான், 37 வயது இல்லத்தரசி, கள்ளக்குறிச்சியில் வசிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவர், மளிகைக் கடை வைத்திருக்கிறார். இதுவரை சமையல் குறிப்பு மட்டுமே எழுதி அனுப்பிய நான், இந்த முறை எனக்குப் புத்தி வந்த கதையை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில், 14 பேர் சேர்ந்து மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறோம். வங்கிக் கடனை முழுசாக அடைத்த சந்தோஷத்தில், கடந்த தை மாதம், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வேன் பிடித்து, கல்வராயன் மலைக்கு ஒருநாள் சுற்றுலா கிளம்பினோம். அடிவாரத்தில் இருக்கிறோம் என்று தான் பேர். எங்களில் பாதிப் பேர் மலையேறிப் பார்த்ததே இல்லை.

கிளம்பும் போது, கடைக்கு வந்த ஒருவர், 'பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து சாராய மலைக்கா போறீங்க... வரும் போது, எங்களுக்கும் ஒரு டியூப் வாங்கிட்டு வாங்க...' என்று கிண்டல் செய்தார். லாரி டியூபில் சாராயம் கடத்துவதைத் தான் அப்படிச் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். எங்கள் குழுவில் உள்ள ஓர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. 2024 ஜூனில், கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து இறந்த, 60க்கும் மேற்பட்டவர்களில் அவர் கணவரும் ஒருவர். அது உறைத்ததும், எனக்கு முகம் சுருங்கி விட்டது.

அன்று போட்டோ எடுக்கும் பொறுப்பு என்னுடையது. சின்ன வயதில், வீட்டு விசேஷத்துக்கு ஸ்டுடியோக்காரர் வந்தால், ரோலில், 36 படம் தான். அதனால், 'யாரை எடுக்கலாம், யாரை விடலாம்' என்று எண்ணி எண்ணி எடுப்பார். இப்போது கையில் செல்போன், கணக்கே கிடையாதே! கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையில் புளியோதரை சாப்பிட்டு முடிப்பதற்குள், 100 படம் எடுத்து விட்டேன். மலைப் பாதையில், பெரியார் அருவியில் ஓர் ஐம்பது.

வெள்ளிமலைக்கு மேலே, சாலையை விட்டு விலகி, ஒரு சின்ன கிராமத்தில் தண்ணீர் குடிக்க வேனை நிறுத்தினோம். மண் சுவர், கூரை வீடுகள். நடுவில் ஒன்றிரண்டு தளம் போட்ட வீடுகள். சுற்றிலும் மரவள்ளிக் காடு. பார்க்கவே சினிமாவில் வருவது போல இருந்தது. ஒரு வீட்டு வாசலில், வயதான ஆயா ஒருவர், எதையோ காய வைத்துக் கிளறிக் கொண்டிருந்தார். 'ஆஹா... நல்ல படம்' என்று, நான் போனைத் தூக்கினேன். அவ்வளவு தான்... அந்த ஆயா, அவசர அவசரமாக ஒரு கோணிச் சாக்கை இழுத்து, காய வைத்ததன் மேல் போட்டு மூடி விட்டு, முகத்தையும் முந்தானையால் மறைத்துக் கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'என்ன ஆயா மறைக்கிறீங்க, கஞ்சாவா?' என்று, புத்தி கெட்டுப் போய் விளையாட்டாகக் கேட்டேன்.

பின்னால் இருந்து, அந்த அக்கா என் கையைப் பிடித்து, போனைக் கீழே இறக்கினார். 'கேட்டுட்டு எடும்மா... அவங்க என்ன காட்சிப் பொருளா?' என்றார். அவர் குரல் அப்படி நடுங்கி, நான் கேட்டதே இல்லை.

பிறகு, அவரே ஆயா பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாக்கை மெல்ல விலக்கினார். உள்ளே இருந்தது, வெறும் கடுக்காய்!

'கடுக்காயை எதுக்கு ஆயா மூடுறீங்க?' என்றார் அக்கா.

'உங்களுக்குக் கடுக்காய்... கீழே இருந்து வர்றவங்களுக்கு, அது சாராய ஊறல் போடற சாமான். போன தடவை ஒருத்தர் இப்படித் தான் படம் புடிச்சிட்டுப் போனாரு. எங்க சொந்தக்காரப் பையன் மூட்டையோட நிக்கற படம், ஊரெல்லாம் போன்ல சுத்துச்சாம், சாராயம் காய்ச்சறவன்னு போட்டு. அவனுக்குப் பார்த்த பொண்ணையே தர மாட்டேன்னுட்டாங்க...' என்றார் ஆயா.

வெல்லத்தோடு கடுக்காயையும், வேலம்பட்டையையும் ஊற வைத்துக் காய்ச்சுபவர்கள், அந்த மலையில் இல்லாமல் இல்லை. போலீசார் ஊறல் பேரல்களை அழித்த செய்தியை, நாமே எத்தனை முறை படித்திருக்கிறோம். ஆனால், கடுக்காய் என்பது, தோல் பதனிடவும், திரிபலா சூரணத்துக்கும் போகிற சரக்கு. காட்டில் பொறுக்கி, நாள் கணக்கில் வெயிலில் காய வைத்து, வியாபாரிக்குப் போட்டால் தான், அந்த வீட்டில் உப்பு, புளி வாங்க முடியும். சாமையும், தினையும், மரவள்ளியும் போக, கைக்காசு பார்ப்பது இப்படித் தான். யாரோ சிலர் செய்கிற தப்புக்கு, மலை முழுவதற்கும், 'சாராய மலை' என்று பேர் வைத்து விட்டோம்.

இன்னொன்றும் அப்போது தான் எனக்கு உறைத்தது. கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது, மெத்தனால். பெயின்ட், ரசாயனத் தொழிற்சாலைகளில் பயன்படும் விஷம் அது. உடம்புக்குள் போனதும், பார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்குகிறது. உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத் தான் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் வரும். 'போதை தெளிஞ்சா சரியாயிடும்' என்று தூங்க வைத்தது தான் நாங்கள் செய்த தப்பு என்று, அக்கா அடிக்கடி சொல்வார். குடித்தவருக்கு பார்வை மங்கினால், மோர் கொடுத்துக் கொண்டிருக்காமல், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். தோழிகள் இதை மறந்து விடாதீர்கள்.

அக்கா, ஆயாவிடம் தன் கதையைச் சொன்னார். 'எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு, நான் தலைவிரி கோலமா தரையில புரண்டு அழுததை, டிவி பொட்டியில ஊரே பார்த்துச்சு ஆயா. எடுக்கட்டுமான்னு ஒருத்தர் கேட்கல. ஆனா, அவருக்கு மாலை போட, ஒரு நல்ல படம் எங்க வீட்டுல இல்ல. வாக்காளர் அட்டையில இருந்ததைப் பெருசு பண்ணினேன். கண்ணு, மூக்கே தெரியல. அழுததுக்கு நூறு படம் இருக்கு... வாழ்ந்ததுக்கு ஒரு படம் இல்ல...' என்றார்.

வேனில் வந்த எல்லாரும் வாயடைத்துப் போனோம். ஆயா எதுவும் பேசாமல், அக்காவின் கையைப் பிடித்துக் கொண்டே இருந்தார். 'நாங்க காய்ச்சலம்மா...' என்றார், கொஞ்ச நேரம் கழித்து. 'தெரியும் ஆயா...' என்றார் அக்கா.

எங்களுக்கெல்லாம் வறக்காப்பி போட்டுக் கொடுத்தார் ஆயா. ஜாகீர்தார்களின் ஆட்சி, அந்த மலையில், 1976 வரை இருந்ததாம். நாடு சுதந்திரம் அடைந்து, 29 ஆண்டு கழித்துத் தான், இவர்களுக்கு விடிந்திருக்கிறது! தன் அப்பா, கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழுததைச் சொன்னார். 2024ல், விஷச் சாராயச் சாவுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, 'மலை மக்களுக்கு என்ன வசதி செய்திருக்கிறீர்கள்...' என்று கேட்ட பிறகு தானே, பக்கத்தில் இருக்கிற நாமே இவர்களைத் திரும்பிப் பார்த்தோம்!

கிளம்பும் போது, நான் தயங்கித் தயங்கி, 'ஆயா, உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?' என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். 'இரு வர்றேன்...' என்று உள்ளே போனவர், கால் மணி நேரம் கழித்து, மஞ்சள் பூசி, சுங்குடிப் புடவை மாற்றி, சாமந்திப் பூ வைத்துக் கொண்டு வந்தார். வாசலில் நிமிர்ந்து நின்றார். நான், கடுக்காய் தெரியாமல் இருக்கட்டும் என்று தள்ளி நின்றேன். 'ஏன் தள்ளிப் போற? கடுக்காயும் தெரியட்டும். எனக்குச் சோறு போடறது அது தானே...' என்றார்.

'இதைக் கழுவிக் கொடுப்பியா? எம் படம் ஒண்ணு கூட எங்கிட்ட இல்ல...' என்றார், கூச்சத்தோடு.

ஊருக்கு வந்த மறுநாளே, ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டு, கண்ணாடி சட்டம் மாட்டி, மலைக்குப் போகிற பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். எங்கள் குழுவில், இன்னொரு தீர்மானமும் போட்டோம். அவரவர் வீட்டுக்காரர், மாமனார், மாமியார் எல்லாரையும், உயிரோடு சிரித்துக் கொண்டிருக்கும் போதே, ஒரு நல்ல படம் எடுத்து, பிரின்ட் போட்டு வைப்பது என்று. அக்காவையும், அவர் பிள்ளைகளையும் தான் முதலில் எடுத்தோம்.

பத்து நாள் கழித்து, அதே டிரைவர், ஒரு துணிப் பையை எங்கள் கடையில் கொடுத்து விட்டுப் போனார். உள்ளே, இரண்டு படி சாமை அரிசி. ஒரு பிடி கடுக்காய்.

தோழிகளே... சுற்றுலா போங்கள், ஆசை தீரப் படம் எடுங்கள். ஆனால், ஒரு மனுஷியை எடுக்கும் முன், ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்தால், அவர் கையில் ஒரு பிரதி கொடுங்கள். 'சாராய மலை' என்று இனி யார் சொன்னாலும், நாங்கள் சிரிப்பதாக இல்லை!

— ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.