காரின் பம்பரில் கீறலா?

காரின் பம்பரில் விழும் சிராய்ப்பையும் கீறலையும் வீட்டிலேயே எவ்வளவு தூரம் சரிசெய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி இன்று பார்ப்போம்.

முன்னாளில் மோரிஸ் மைனர் போன்ற கார்களுக்குக் குரோம் முலாம் பூசிய எஃகு பம்பர் இருந்தது. 1972-இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 5 கார் பிளாஸ்டிக் பம்பருடன் வந்தது. இன்று ஜெலாப்பாங் கடைவீதியில் நிற்கும் கார்களுக்கு அநேகமாகச் சாயம் பூசிய பிளாஸ்டிக் பம்பர்தான். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. ஆகவே, கீறலைக் கண்டதும் பதற வேண்டியதில்லை.

பம்பரின் மேல் மூன்று பூச்சுகள் உள்ளன. அடியில் அடிச்சாயம், நடுவில் வண்ணச் சாயம், மேலே நிறமற்ற பளபளப்புப் பூச்சு. மூன்றும் சேர்ந்தே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். பால் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி பட்டையோடு நின்றால் மரம் தேறிவிடும். உள்மரத்தைத் தொட்டால் காயம். பம்பரிலும் கீறலின் ஆழமே முக்கியம்.

முதலில் சவர்க்கார நீரால் அழுக்கைக் கழுவுங்கள். ஈரமாக இருக்கும்போது கீறல் மறைந்தால், அது மேற்பூச்சோடு நின்றுவிட்டது. ரப்பிங் காம்பவுண்டை மென்மையான துணியில் சிறிதளவு எடுத்து, லேசாகத் தேய்த்தால் போதும். அது பூச்சைச் செதுக்கியே கீறலை மறைக்கிறது. அளவு மீறினால் வண்ணமும் போய்விடும். பல சமயங்களில் வெள்ளைக் கோடாகத் தெரிவது, நாம் உரசிய சுவரின் சாயமே. அதுவும் இவ்வாறே நீங்கும்.

நகம் மாட்டிக்கொண்டால் கீறல் ஆழமானது. கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தால் இரும்புக்குரிய பட்டியைப் பூசாதீர்கள். பம்பர் வளைந்து கொடுக்கும். அந்தப் பட்டி வெடித்துவிடும். பிளாஸ்டிக்குக்கென உள்ள பட்டியை இட்டு, 600-ஆம் எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, உலர்ந்தபின் பிளாஸ்டிக்கில் ஒட்டும் அடிச்சாயம், வண்ணம், பளபளப்புப் பூச்சு என மெல்லிய படலங்களாக அடிக்க வேண்டும். வண்ணத்தின் எண் காரிலுள்ள ஒட்டுத்தாளில் இருக்கும். ஈப்போ வட்டாரத்தில் பிற்பகல் மழை அதிகம்; ஈரக்காற்றில் சாயம் வெளிறும். காலை வேளையில், நிழலில் அடியுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்யவே கூடாது. கெட்டியாக்கும் திரவம் கலந்து அடிக்கும் இருகலவைச் சாயத்தில் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் உண்டு. அதன் புகைத்துளி நுரையீரலில் புகுந்து ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். மூக்கில் கட்டும் துணியோ சாதாரண முகக்கவசமோ அதைத் தடுக்காது. தனி அறையும், வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழியே தரும் கவசமும் வேண்டும்.

நம் பிள்ளைகள் பலர் பள்ளியை முடித்ததும் பட்டறை வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், சாயம் அடிக்கையில் என்ன கவசம் தருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். பம்பரை மாற்றிவிடலாம்; நுரையீரலை மாற்ற முடியாது.