சீனம் கற்றவரின் கோடை ஓய்வு



கச்சான் காற்று வீசும் காலத்தில் திருகோணமலைக் கடல் குளம்போலக் கிடக்கும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், அத்தகைய ஒரு மாலைப்பொழுதில், கடற்றொழில் புரியும் பெரியவர் ஒருவர் தம் மகளுடன் என் இல்லத்துக்கு வந்தார். அம்மகள் எம் பாடசாலையிற் பயின்றவள். பின்னர்ப் பல்கலைக்கழகத்திற் சீனமொழி கற்றுப் பட்டம் பெற்றவள்.

“அதிபர் ஐயா, பிள்ளைக்கு ஐப்பசியிலேதான் கொழும்பில் வேலை. அதுவரைக்கும் மூன்று மாதம் வீட்டில் இருக்கிறாள். இந்த ஊரிலே சீனம் பேச ஆர் இருக்கினம்? படித்ததெல்லாம் மறந்துபோகுமோ என்று பயமாயிருக்கிறது” என்றார் தந்தையார். மகள் சற்றுத் தயங்கி, முதல்நாள் இரவு மிக எளிய எழுத்தொன்றை எழுத முற்பட்டுப் பாதியில் கை நின்றுவிட்டதாகக் கூறினாள்.

எனக்குச் சீனம் தெரியாது. எனினும் அவ்வச்சம் வீண் அச்சமன்று என்பதை அறிவேன். நம் தமிழெழுத்தை ஒருமுறை கற்றுவிட்டால் அது வாழ்நாள் முழுதும் உடன்வரும். சீனத்திலோ சொல்லுக்குச் சொல் எழுத்து வேறுபடும். சீன அரசு 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட பொதுவழக்கு எழுத்துப் பட்டியலில் மாத்திரம் 3,500 எழுத்துகள் உள்ளன. கண் அவற்றை நெடுங்காலம் மறவாது. கை விரைவில் மறந்துவிடும். எழுதுகோலை எடுத்தவுடன் எழுத்து மறந்தது என்று சீனரிடையே ஒரு மரபுத்தொடரே வழங்குகிறதாம். ஆகவே நாள்தோறும் காலையில் ஒரு பக்கமேனும் கையால் எழுதுக, விசைப்பலகையை நம்பாதே என்றேன். வாய்விட்டுப் படிக்கவும் சொன்னேன். சீன ஒலிகளுள் ஒன்று நம் ழகரத்துக்கு மிக அண்மையில் நிற்பதை அவள் ஒலித்துக் காட்டினாள். ஆங்கிலேயர் இடர்ப்படும் அவ்வொலி நம்மவர்க்கு எளிது. மூச்சோடு ஒலிக்கும் வல்லினங்கள்தாம் நம்மை வருத்துவன. தமிழில் அவை இல்லையன்றோ?

பிறகு, சீனம் பேச இவ்வூரில் யாருமில்லை என்ற தந்தையாரின் கூற்றுக்கு வந்தேன். நம் துறைமுகத்தின் ஒரு பகுதிக்குச் சீனன்குடா என்றன்றோ பெயர்? எண்ணெய்க் குதங்களும் விமானத் தளமும் உள்ள அவ்விடத்தின் பெயரை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். அன்று என் மனைவியார் கொணர்ந்த தேத்தண்ணீரிலுள்ள ‘தே’ என்பது தென்சீனத்து அமோய்த் துறைமுக மக்களின் சொல். ஒல்லாந்த வணிகர் வாயிலாக அது உலகைச் சுற்றியது. சாயா என்பதிலுள்ள ‘சா’ அதே இலைக்குச் சீனத்தின் பிற பகுதியினர் வழங்கும் பெயர். அதில் இட்ட சீனிக்கோ நாட்டின் பெயரே அமைந்துவிட்டது. இத்தகைய சொற்களை ஒரு குறிப்பேட்டில் திரட்டுவதும் ஓய்வுக்கேற்ற நற்பணியே.

கோணேசர் ஆலயத்துக்கும் நிலாவெளிக்கும் இக்காலத்திற் பிறநாட்டார் பலர் வருவர். வழிகாட்டியாகச் சென்று சிறிது பொருளீட்டலாம், அதிற் குறைவொன்றுமில்லை. ஆனால் சீன நிலப்படங்களில் நம் ஊர்ப்பெயர் ‘திங்-கெ-மா-லி’ என்று இருப்பதாக அவள் சொன்னபோது எனக்குச் சற்று வருத்தமே உண்டாயிற்று. ஆங்கிலேயர் சிதைத்த ஒலியைச் சீனர் மேலும் சிதைத்திருக்கின்றனர். திருவும் கோணமும் மலையும் அதில் எங்கே? அப்பெயரின் பொருளை விளக்கி, கோயிலின் வரலாற்றைச் சீனத்தில் ஒரு பக்கம் எழுதிவைக்குமாறு கேட்டுக்கொண்டேன்.

யான் அவளுக்கு வற்புறுத்திச் சொன்ன வேலை வேறு. இரவுப் புகையிரதத்தில் ஒருமுறை கொழும்பு சென்று தேசிய நூதனசாலையிலுள்ள ஒரு கல்லைப் பார்த்துவரச் சொன்னேன். 1911ஆம் ஆண்டிற் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து வெளிப்பட்டது அது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. மிங் பேரரசரின் கடற்படைத் தலைவரான செங் ஹோ இவ்வீழத்துக்குக் கொணர்ந்த அக்கல்லில் 1409ஆம் ஆண்டுக்குரிய நாள் குறிக்கப்பட்டுள்ளது.

அதன் வியப்பு யாதெனின், மூன்று பகுதிகளும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அன்று. சீனப் பகுதி புத்தர்பிரானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தென்கோடியில் தேவேந்திரமுனையிற் கோயில்கொண்ட தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி, சிதைந்த நிலையிலும், இசுலாமியர் போற்றும் முறையில் அமைந்தது. காணிக்கைப் பட்டியலோ ஏறக்குறைய ஒன்றே: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய் என்று தொடர்கிறது. சீன நிறையளவைத் தமிழர் அறிந்த கழஞ்சாக மாற்றி எழுதிய அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளனை எண்ணிப் பாருங்கள்! இரு மொழிகளையும் நேரே அறிந்தவன் ஒருவனோ, இடையில் வேறொருவன் நின்றானோ, எவ்வாறாயினும் அவனே இம்மாணவிக்கு மூத்தோன். பேராசிரியர் பரணவிதான முதலியோர் ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கின்றனர். ஆயினும் இரு பகுதிகளையும் அருகருகே வைத்துத் தமிழ் வாசகனுக்கு விளக்கச் சீனமும் தமிழும் ஒருங்கே கற்றவர் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் செய்தேன். காணிக்கைப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு நட்பின் சின்னம் என்று எழுதிவிடலாகாது. அதே பயணத்தில், 1411ஆம் ஆண்டளவில், செங் ஹோவின் படை இந்நாட்டு ஆட்சியாளன் ஒருவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றது. கல்லையும் படையையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

இன்னொரு சிறு பணி, பாகியான் என்னும் துறவியின் பயணநூலில் ஈழத்தைப் பற்றிய பகுதி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இங்கே இரண்டாண்டுகள் தங்கினார். ஜேம்ஸ் லெக் 1886இல் அந்நூலை ஆங்கிலத்தில் தந்தார். தமிழரிற் பலர் ஆங்கில வழியாகவே அவரை அறிவோம். ஈழப் பகுதி சில பக்கங்களே ஆதலால் மூன்று மாதத்தில் முடிக்கலாம். ஆனால் இக்காலச் சீனத்திற் பட்டம் பெற்றவர்க்குப் பழஞ்சீனம் எளிதன்று. சங்கச் செய்யுளை உரையின்றிப் படிக்கப் புகும் நம் மாணவர் நிலைதான். அகராதியும் பொறுமையும் வேண்டும், ஆசிரியருக்கு அடிக்கடி கடிதமும் எழுதவேண்டும்.

தந்தையார் இவற்றையெல்லாம் கேட்டிருந்து, “இதற்கு ஆர் சம்பளம் தருவார்கள், ஐயா?” என்றார். நேர்மையான வினா. ஒருவரும் தரமாட்டார்கள் என்றேன். ஆனால் பீக்கிங் வானொலி 1963ஆம் ஆண்டில் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியதையும், பின்னாளில் அங்கே சீன இளைஞர் பலர் தமிழ் கற்றுத் தமிழ்ப்பெயர் சூட்டிக்கொண்டு நம்முடன் பேசியதையும் அவருக்கு நினைவூட்டினேன். அவர் சிரித்தார், இளமையிற் சிற்றலைவரிசையில் அக்குரல்களைக் கேட்டிருக்கிறாராம்.

புரட்டாசி இறுதியில் அம்மாணவி மீண்டும் வந்தாள். காலிக் கல் இன்னும் பாதியிலே நிற்கிறது என்றாள். பாகியானில் ஆறு பக்கம் முடித்திருந்தாள். அநுராதபுரத்து அபயகிரியில் பச்சை மணிக்கல்லாலான புத்தர் சிலையின் முன், வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறியைக் கண்டு, தாய்நாட்டை நினைந்து, அத்துறவி தம்மையறியாது கண்ணீர் விட்ட இடம் அது. தெய்வத் திருமுன் வைத்ததாகையால் ஆலவட்டம் என்று எழுதலாமா, விசிறி என்றே விடலாமா என்று கேட்டாள். அவர் அங்கே கண்டது தம் வீட்டுப் பொருளை. விசிறி என்றே இருக்கட்டும் என்றேன்.