எந்தத் திசையில் வெடித்தது?

போன மாதம் சம்பூரில் பெண்கள் குழுக் கூட்டம் முடிய இருட்டிவிட்டது. முற்றத்தில் பாய் விரித்து வானத்தைப் பார்த்திருந்தோம். காமாக் கதிர் வெடிப்புப் பற்றி நான் வாசித்ததைச் சொன்னேன். "அங்கையும் வெடிக்குதோ?" என்றார் ஓர் அக்கா. 2006 இல் பிள்ளைகளோடு ஊரைவிட்டு ஓடியவர்.

வெடிக்கத்தான் செய்கிறது, சகோதரிகளே. பெரும் நட்சத்திரம் ஒன்று இடிந்து விழும்போதும், இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் மோதும்போதும் இக்கதிர் பீறிடும். பெரும்பாலும் குறுகிய நேரமே. நமது வளிமண்டலம் அதைத் தடுத்துவிடுவதால் செய்மதியில் கருவி வைத்தே பிடிக்கவேண்டும்.

முதலில் பிடித்தவை போருக்கான கண்கள். களவாக நடக்கும் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செய்மதிகள் 1967 யூலை 2 ஆம் திகதி ஒரு வெடிப்பைப் பதிந்தன. பின்னும் பல வந்தன. ஒவ்வொரு செய்மதியையும் கதிர் சற்று முன்பின்னாகவே எட்டியது. அந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அவை பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை என்று 1973 இல் அறிவித்தார்கள்.

அக்கா சிரித்தார். "நாங்களும் ஷெல் குத்துற சத்தம் கேட்டு, எண்ணித்தானே பங்கருக்குள்ளை குதிச்சனாங்கள்."

அவர் ஒரு சோடிக் காதால் செய்ததை விஞ்ஞானிகள் பல செய்மதிகளால் செய்கிறார்கள். 2004 இல் ஏவப்பட்ட சுவிஃப்ட், வெடிப்பை உணர்ந்ததும் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும்படி அமைக்கப்பட்டது. 2015 இல் இந்தியா ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய அஸ்ட்ரோசாட்டும் நூற்றுக்கணக்கான வெடிப்புகளைப் பதிந்தது.

"அதிலை சனம் செத்ததோ?"

"பல நூறு கோடி ஒளியாண்டு தூரம் அக்கா. மனிசர் பிறக்க முன்னமே வெடிச்சது."

"அப்ப பயமில்லாமல் பாக்கலாம்" என்று பாயில் சாய்ந்துகொண்டார்.