புதுத் துப்பாக்கி, பழைய கை

பயிற்றுவிப்பாளர் அந்தக் கறுப்புப் பெட்டியை மேசைமீது வைத்ததும் சுடுதளத்தில் இருந்த ஏழு பேரும் செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டோம். எங்கள் குறிசுடும் கழகத்திற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புதிய கைத்துப்பாக்கி வந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான். அணித் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன.

“இதை நீ எடுத்துக்கொள்” என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

உயர்நிலை இரண்டில் இணைப்பாட நடவடிக்கையாகத் தொடங்கிய விளையாட்டு இது. இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தக் கழகத்தில் சேர்ந்ததிலிருந்து என் கையில் இருந்தது ஒரு பழைய துப்பாக்கி. எனக்கு முன் பல மூத்த மாணவர்கள் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். கைப்பிடியில் ஒருவர் உப்புத்தாளால் தேய்த்த பள்ளம் இருக்கும். இன்னொருவர் பட்டி பூசி உயர்த்திய மேடு இருக்கும். அதில் என் சராசரி 600க்கு 545. “நல்ல துப்பாக்கி மட்டும் கிடைத்தால் 555 நிச்சயம்” என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நல்ல துப்பாக்கி இப்போது என் முன்னால் இருந்தது. இனிச் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அளந்து செய்த கருவி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டபடி, சாதாரண டி-சட்டையில் நின்று சுட்ட துருக்கி வீரர் யூசுப் டிகெச்சின் படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். ‘எந்தக் கருவியும் இல்லாமல் வெள்ளிப் பதக்கம்’ என்று அதைப் பகிர்ந்தவர்கள் பலர். உண்மையில் அவர் கையில் இருந்ததும் போட்டிக்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கிதான். நீண்ட துப்பாக்கி சுடுவோர் அணியும் விறைப்பான மேலங்கி இந்தப் பிரிவில் கிடையாது. எல்லாருமே ஒரு கையால்தான் சுடவேண்டும். மறு கை ஆடாமல் இருக்க அதைப் பையிலோ இடைவாரிலோ செருகிக்கொள்வது வழக்கம்.

எனக்குக் கிடைத்தது ஆஸ்திரியாவில் தயாரான ஸ்டையர் ஈவோ 10. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவுக்கு உரியது. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். வெடிமருந்து இல்லை. குழலுக்குக் கீழே உள்ள உருளையில் அடைத்த அழுத்தக் காற்றே குண்டைத் தள்ளுகிறது.

அனைத்துலக விதிகளின்படி துப்பாக்கியின் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. 420 மில்லிமீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம் உள்ள பெட்டிக்குள் அது முழுமையாக அடங்கவேண்டும். விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசையழுத்தம் தேவைப்படவேண்டும். போட்டிக்கு முன் துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கும்படி இருந்தால் அனுமதி இல்லை.

இலக்கின் 10ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நம் ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது. 75 நிமிடங்களில் 60 முறை சுடவேண்டும்.

சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிதான். புதுக் கைப்பேசி வாங்கினால் இரவு முழுவதும் தடவிப் பார்க்கலாம். இதை அப்படி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பயிற்சி முடிந்ததும் பாதுகாப்புக் கொடியைக் குழலில் செருகி, ஆயுதக் காப்பறையில் ஒப்படைத்துவிட்டு வரவேண்டும்.

முதல் அறுபது

கையில் எடுத்ததும் முதலில் தோன்றியது, இது என் கை இல்லை என்பதுதான். புதிய மரக் கைப்பிடியின் விளிம்பு கட்டைவிரலின் அடியில் உறுத்தியது. உடனே உப்புத்தாளைத் தேடினேன். பயிற்றுவிப்பாளர் தடுத்துவிட்டார். “இரண்டு வாரம் தொடாதே. தேய்த்த மரம் திரும்ப வராது.” உள்ளங்கைத் தாங்கியை மட்டும் சற்று மேலே ஏற்றிக் கொடுத்தார்.

குண்டை வைத்து, மூடி, கையை உயர்த்தி, மெல்ல இறக்கி, விசையை இழுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பழைய துப்பாக்கியில் சுட்டதும் முனை மேலே துள்ளும். இதில் துள்ளல் இல்லை. குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும் அல்லவா? இதன் உள்ளே இருக்கும் ஒரு சிறு எடை பின்னோக்கி நகர்ந்து அந்த உதைப்பைத் தானே வாங்கிக்கொள்கிறது. சுட்ட பிறகும் முன்குறி இருந்த இடத்திலேயே நின்றது.

பக்கத்துத் திரையில் 10 என்று காட்டியது. பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

அடுத்தது 8. பிறகு 9, 7, 9, 8. அறுபதும் முடிந்தபோது மொத்தம் 526. பழைய துப்பாக்கியில் இரண்டாண்டுகளில் நான் அவ்வளவு கீழே போனதில்லை.

குறிகளைச் சரிசெய்யவேண்டும் போலும் என்று நினைத்தேன். பின்குறியின் திருகை இரண்டு சொடுக்கு திருப்பினேன். மறுவாரம் இன்னும் இரண்டு. மூன்றாவது வாரம் பயிற்றுவிப்பாளர் திரையில் தெரிந்த புள்ளிகளைச் சுட்டிக்காட்டினார். நல்ல குண்டுகள் எல்லாம் நடுவில் இருந்தன. கெட்டவை எல்லாம் இடப்பக்கம் கீழே, கடிகாரத்தில் 7 மணி இருக்கும் திசையில் சிதறிக் கிடந்தன. “குறி தவறாக இருந்தால் எல்லாமே ஒரே பக்கம் போகும். இங்கே பாதிதான் போகிறது. துப்பாக்கியை விடு, உன் விரலைப் பார்” என்றார்.

ஒரு மில்லிமீட்டர்

வலக்கையால் சுடுபவர் விசையை மெதுவாக அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்தால் முனை இடப்பக்கம் கீழே சாயும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் 30 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த இடைவெளியில் முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் விலகிப் போகும். 10க்குப் பதில் 7.

மாறாக, குறிகள் நேராக இருந்து கை முழுவதும் 1 மில்லிமீட்டர் ஆடினால், இலக்கிலும் விலகல் அதே 1 மில்லிமீட்டர்தான். அப்போதும் 10 கிடைக்கும். அதனால்தான் இந்த விளையாட்டில் கண் இலக்கைப் பார்க்கக்கூடாது, முன்குறியைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். உயர்நிலைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்ததுதான். ஆனால் பழைய துப்பாக்கி சுட்டதும் துள்ளிவிடும்; அந்தத் துள்ளலில் என் விரல் செய்த தவறு எனக்குத் தெரியவே இல்லை. போதாததற்கு, அதன் குறிகளை என் தவறுக்கு ஏற்றபடி கொஞ்சம் மேலே வலப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். நல்ல குண்டும் கெட்ட குண்டும் 9இல் சந்தித்துக்கொண்டன. 545 அப்படி வந்த கணக்கு.

புதியதில் மறைக்க வழியில்லை. குண்டு போன நொடியில் முன்குறி எங்கே நின்றது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

அப்பாவின் பேருந்து

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். அவர் பேருந்து ஓட்டுநர்.

“புது பஸ் கொடுத்தா முதல் வாரம் எல்லாருக்கும் இதேதான்மா. பழைய பஸ்ல பிரேக் கொஞ்சம் லேட்டாப் பிடிக்கும். கால் அதுக்குப் பழகிடும். புது பஸ்லயும் அப்படியே அழுத்துனா நிக்கிற ஆளுங்கல்லாம் முன்னால வந்து விழுவாங்க. பிரேக் சரியாத்தான் இருக்கு. கால்தான் மாறணும்.”

“எத்தனை நாள்ல மாறும்ப்பா?”

“திட்டு வாங்குறது நின்னா மாறிடுச்சுன்னு அர்த்தம்.”

அன்றிலிருந்து தினமும் இரவு ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றேன். துப்பாக்கியின் எடையும் ஏறத்தாழ ஒரு கிலோதான். 20 நொடி பிடிப்பது, ஒரு நிமிடம் இறக்கிவைப்பது, மறுபடி 20 நொடி. சுடுதளத்தில் முதல் அரை மணி நேரம் குண்டே போடாமல், வெள்ளைத் தாளைப் பார்த்து விசையை மட்டும் அழுத்தினேன். அழுத்திய பிறகும் இரண்டு மூன்று நொடி கையை இறக்காமல் நின்றேன். ஒவ்வொரு முறையும் முன்குறி அசைந்ததா என்று குறிப்பேட்டில் எழுதினேன். கழகத்தில் மற்றவர்கள் 10, 10 என்று கூவும்போது, குண்டே இல்லாமல் ‘டிக், டிக்’ என்று நிற்பது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று நின்று பார்த்தால்தான் தெரியும்.

திரும்பிப் போகலாமா?

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் சராசரி 533க்கு ஏறியிருந்தது. முன்பு நான் வைத்திருந்த பழைய துப்பாக்கி இப்போது முதலாண்டு மாணவி ஒருவரிடம் இருந்தது. அவர் 540ஐத் தொட்டுவிட்டார். என் நிலைமையைப் பார்த்து அவரே வந்து, “அக்கா, உங்களுக்குப் பழகின துப்பாக்கி. வேணும்னா இந்தத் தேர்வுக்கு நீங்களே எடுத்துக்குங்க. நான் அடுத்த வருஷம் பார்த்துக்கிறேன்” என்றார்.

பயிற்றுவிப்பாளரும் மறுக்கவில்லை. “முடிவு உன்னுடையது” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு இந்தியாவின் மனு பாக்கரைப் பற்றிப் படித்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், இதே 10 மீட்டர் பிரிவின் தகுதிச் சுற்றுக்கு நடுவே அவரது துப்பாக்கி பழுதானது. சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விட்டன. 575 புள்ளிகளுடன் 12ஆம் இடம். இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்றாண்டு கழித்துப் பாரிசில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலமும் வென்றார்.

துப்பாக்கியைக் குறைசொல்ல அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது? என் துப்பாக்கியில் ஒரு பழுதும் இல்லை. பழையதற்குத் திரும்பினால் 545 கிடைக்கலாம். அதோடு என் தவறும் மறுபடி மறைந்துகொள்ளும். இன்னொருவரின் வாய்ப்பைப் பறித்து வாங்கும் 545 அது.

மறுநாள் அந்த மாணவியிடம், “வேணாம். அது இப்ப உன் கைக்குப் பழகிடுச்சு” என்று சொன்னேன்.

தேர்வு நாள்

அணியில் மூன்று பேர், ஒரு மாற்று வீரர். தேர்வன்று முதல் பத்துக் குண்டுகளில் 92. நடுவில் இரண்டு 7. கடைசிப் பத்தில் 93. மொத்தம் 541.

முதலாண்டு மாணவி 543. மூன்றாம் இடம் அவருக்கு, நான்காம் இடம் எனக்கு. இரண்டு புள்ளிகளில் அணியைத் தவறவிட்டு மாற்று வீரரானேன். அவர் கையைப் பிடித்து வாழ்த்தினேன். பிறகு கழிவறைக்குப் போய்ச் சற்று அழுதேன். அதை இங்கே மறைப்பதில் பொருளில்லை.

பயிற்றுவிப்பாளர் என் குறிப்பேட்டைக் கேட்டார். ஒவ்வொரு குண்டுக்கும் திரையைப் பார்க்கும் முன்பே அது எங்கே போயிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு, பிறகு சரியா தவறா என்று குறித்திருந்தேன். அறுபதில் 48 சரி. அந்த இரண்டு 7களும் 7தான் என்று சுட்ட நொடியிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. “பழைய துப்பாக்கியில் இப்படி எத்தனை சொல்லியிருப்பாய்?” என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. இருபதுகூட வந்திருக்காது.

உங்களில் சிலர் இந்த ஆண்டு முதன்முறையாகச் சொந்தக் கைப்பிடியோ புதுத் துப்பாக்கியோ பெறக்கூடும். அனுபவத்தில் சொல்கிறேன். முதல் நாள் புள்ளிகளை எண்ணாதீர்கள். கைப்பிடியை அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள். குண்டுகள் சிதறும்வரை குறித் திருகைத் தொடாதீர்கள். அவை ஓரிடத்தில் கூடிய பிறகு திருப்பினால் போதும். போட்டி நெருங்கும்போது கருவியை மாற்றவேண்டி வந்தால், புள்ளிகள் முதலில் இறங்கத்தான் செய்யும் என்று உங்களை நம்பியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, 555 என்று பெருமையடித்து வைத்திருந்தேன்.

கிளாஸ்கோவில் நடந்த 2014 காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூரின் டியோ ஷுன் ஸீ மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தங்கம் வென்றார். அந்த உயரம் எனக்கு வெகுதொலைவு. இப்போதைக்கு என் இலக்கு அறுபதில் 55ஐச் சரியாகச் சொல்வது.

கைப்பிடியின் அந்த விளிம்பை இன்னும் தேய்க்கவில்லை. இரண்டு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. அது உறுத்துவது எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை.