நகரம் கைதூக்கிவிட்ட கார் கம்பெனி

சந்தையைக் கொடுத்துத் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் 1984இல் ஷாங்காயில் ஃபோக்ஸ்வேகனுக்குக் கதவு திறக்கப்பட்டது என்று சென்ற வாரம் பார்த்தோம். சந்தை போனது, எஞ்சின் வித்தை மட்டும் கைக்கு வரவில்லை. கூட்டு நிறுவனங்களின் லாபத்தில் பாதி உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிடும்போது, சீன அரசு கம்பெனிகள் ஆராய்ச்சிக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?

ஜெர்மனியில் ஆடி நிறுவனத்தில் பொறியாளராக இருந்த வான் காங் 2000இல் நாடு திரும்பினார். எஞ்சினில் நூறாண்டு முன்னே ஓடுபவர்களைத் துரத்துவது வீண், மின்சாரக் காரில் எல்லோரும் தொடக்கக் கோட்டில்தான் நிற்கிறார்கள் என்பது அவர் வாதம். 2007இல் அவர் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரானார். அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரே இல்லை என்பது இன்னொரு வியப்பு. 2009இல் மானியம் ஓடத் தொடங்கி 2022 வரை ஓடியது.

மானியத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது அன்ஹுய் மாகாணத்தின் தலைநகர் ஹெஃபெய் செய்த வேலை.

2019இல் நியோ என்ற மின்சாரக் கார் கம்பெனி முழுகும் நிலையில் இருந்தது. பேட்டரி தீப்பிடித்ததால் சுமார் 4,800 கார்களைத் திரும்ப அழைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நட்டம் 1,100 கோடி யுவானுக்கு மேல். நியூயார்க்கில் அதன் பங்கு இரண்டு டாலருக்கும் கீழே போயிருந்தது. 2020 ஏப்ரலில் ஹெஃபெய் நகர நிர்வாகம் மற்ற அரசு முதலீட்டாளர்களையும் சேர்த்துக்கொண்டு 700 கோடி யுவான் போட முன்வந்தது. பதிலுக்கு நியோவின் சீனப் பிரிவில் ஏறத்தாழ கால்வாசிப் பங்கு. அதன் தலைமையகமும் ஹெஃபெய்க்கு வர வேண்டும். ஒரே ஆண்டில் பங்கு விலை 60 டாலரைத் தாண்டியது. கையிலிருந்ததில் ஒரு பகுதியை மட்டும் விற்றே நகரம் நல்ல லாபம் பார்த்தது. இத்தனைக்கும் நியோ 2024 வரை ஓர் ஆண்டுகூட லாபம் காட்டியதில்லை.

ஒரு நகர நிர்வாகத்துக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? சீனாவில் மதிப்புக் கூட்டு வரியில் பாதி உள்ளூர் நிர்வாகங்களுக்குப் போகிறது. அதுவும் பெரும்பாலும் பொருள் விற்கும் ஊருக்கல்ல, உற்பத்தியாகும் ஊருக்கு. ஆலை வந்தால் வரி, வேலை, அதிகாரிக்குப் பதவி உயர்வு எல்லாம் வரும். ஆகவே ஊருக்கு ஊர் கார் ஆலை கேட்டார்கள். எல்லோருக்கும் ஹெஃபெயின் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2023இல் மின்சாரக் கார் கம்பெனியான டபிள்யூ.எம். மோட்டார் திவால் மனு போட்டது. 2024 பிப்ரவரியில் இன்னொரு கம்பெனியான ஹைஃபை உற்பத்தியை நிறுத்தியது. ஆனாலும் நொடித்த ஆலையை மூட உள்ளூர் அதிகாரிகளுக்கு மனம் வருவதில்லை.

விளைவு, விலைப்போர். 2025 மே மாதம் மின்சாரக் கார் கம்பெனியான பி.ஒய்.டி. சில மாடல்களின் விலையை 34 சதவீதம் வரை வெட்டியது. சுமை உதிரிபாகக்காரர்கள் தலையில் விழுந்தது. அரசு முறைத்த பிறகு, அவர்களுக்கு 60 நாளில் பணம் தருவதாக 17 கார் கம்பெனிகள் வாக்குக் கொடுத்தன. பணம் எவ்வளவு காலம் இழுத்தடிக்கப்பட்டது என்பதை அந்த வாக்குறுதியே காட்டிக்கொடுக்கிறது.

உள்ளூரில் விற்காதது கப்பல் ஏறுகிறது. 2023இல் சுமார் 49 லட்சம் வாகனங்களை ஏற்றுமதி செய்து ஜப்பானைச் சீனா முந்தியது. அடுத்த ஆண்டு 58 லட்சத்தைத் தாண்டியது. சீன மின்சாரக் கார்களுக்கு அமெரிக்கா 100 சதவீத வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம், ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல் 35.3 சதவீதம் வரை கூட்டியது. பி.ஒய்.டி.யோ ஹங்கேரியின் செகெட், தாய்லாந்தின் ராயோங், ஃபோர்டு விட்டுப்போன பிரேசிலின் கமசாரி என்று வெளிநாடுகளிலேயே ஆலை அமைக்கப் போனது.

கம்பெனிக்கு இது சரியான வழி. சீன நகரங்களுக்கு அப்படியல்ல. செகெட்டில் தயாராகும் காரின் வரியும் வேலையும் செகெட்டுக்குத்தான். பி.ஒய்.டி. பிழைத்துக்கொள்ளும், சந்தேகமில்லை. அடுத்த பத்தாண்டில் எந்த நகரம் முதலில் தன் ஆலையைக் கைவிடச் சம்மதிக்கும் என்பதில்தான் இந்தத் தொழிலின் போக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். இதுவரை யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம், பேட்டரியால் பிழைக்கும் நிங்டே.

(தொடரும்)